எப்சிபாயின் இடப்பக்கம்

எப்சிபாய்க்குப் புற்றுநோய் வந்தது, கர்த்தர் சுகமாக்கினார் என்று பாறசாலைப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் பாவாடையும் சட்டையும் போட்டுத் திரிந்த பருவம் முடிந்ததிலிருந்து அவளுக்கு ஜம்பர் தைத்தவள் நான். ரவிக்கையை இங்கே ஜம்பர் என்றுதான் சொல்வோம். அவளுடைய இடப்பக்கத்தில் என்ன உண்டு, என்ன இல்லை என்பது அவள் அம்மைக்கும் எனக்கும்தான் தெரியும். அம்மை போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு மட்டும்தான்.

வலது மார்பு எல்லாருக்கும் போல வளர்ந்தது. இடது மார்பு வளரவே இல்லை. பிறவிக் கோளாறு, யார் மேலும் குற்றமில்லை. நான் பஞ்சும் பழைய வாயில் புடவைத் துணியும் வைத்துச் சின்னதாக ஒரு மெத்தை தைத்து ஜம்பருக்குள் பிடித்துக் கொடுப்பேன். வெயில் காலத்தில் அது வியர்வையில் ஊறிக் கீழே இறங்கும். பேசிக்கொண்டே முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள். என்ன அடக்கம் பார் என்று சபைக்காரப் பெண்கள் மெச்சுவார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆள் பார்க்க லட்சணமானவள். ப்ரீ-டிகிரி படித்தவள். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் ஒவ்வொரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஒருத்தனுக்கு மூக்கு நீளம், இன்னொருத்தன் சிரிக்கிற விதம் சரியில்லை. இவளுக்கு ராணி என்று நினைப்பு என்று ஊர் பேசியது. பாவம், அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

தேடித் தேடி ஓய்ந்துபோன அண்ணன் எலியா, தொண்ணூற்று மூன்றில் சந்திப்பில் என் தையல்கடையை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத் போட்டு அவளை அதில் உட்கார வைத்தார். இரண்டு கடைக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். கல்ஃபில் இருக்கிற புருஷனோடு பேச வரும் பெண்கள் கண்ணாடி அறைக்குள் நின்று சிணுங்குவதும் சண்டை பிடிப்பதும் எனக்கே கேட்கும். அவள் பணத்தை வாங்கிப் போட்டுவிட்டு வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சண்டை போடதுக்கும் ஒரு ஆளு வேணும், இல்லியா அக்கா?" என்றாள் ஒரு நாள்.

எப்சியின் சபையைச் சேர்ந்த சரோஜம் மாமியின் மகன் ராஜதாஸ் மஸ்கட்டில் ஏ.சி. பழுதுபார்க்கிற கம்பெனியில் இருந்தார். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து இறக்கிவிடுவதற்குள் தலை நரைக்க ஆரம்பித்துவிட்ட மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரத்துக்கு பூத்துக்குப் போன் வரும். மாமி முட்டுவலியோடு நடந்து வந்து சேருவதற்குள் எப்சியோடு கொஞ்சம் பேச்சு. முதலில் "அம்மா வந்தாச்சா?" மட்டும்தான். பிறகு "அங்க மழை உண்டா?" என்று ஆரம்பித்தார். எந்தப் பக்கம் கறுத்திருக்கிறது, சாலையில் எவ்வளவு வெள்ளம் கிடக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். மனிதருக்கு மழைமேல் அப்படி என்ன கொதி, என்ன ஆசை என்று நான் நினைத்துக்கொள்வேன். மாசி மாத வெயிலிலும் அதையே கேட்டபோதுதான் என் மரமண்டைக்கு ஏறியது.

இப்படி இரண்டு வருடம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் கடைக்குள் வந்து, வெட்டிப் போட்டிருந்த துணிமேலேயே உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. டிசம்பர் லீவுக்கு வரும்போது எலியாவிடம் வந்து பெண் கேட்கட்டுமா என்று ராஜதாஸ் கேட்டாராம். கேளுங்கள் என்று இவளும் சொல்லிவிட்டாளாம்.

"நல்ல காரியம்தானே. பின்ன எதுக்கு இந்த மூஞ்சி?"

"அக்கா, எனக்கு ஆஸ்பத்திரிக்கு போணும்" என்றவள், மலையாள வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டின தாளை எடுத்து நீட்டினாள். மார்பு வளராத பெண்களுக்கு உள்ளே சிலிக்கோன் பை வைத்துச் சரிசெய்யலாம் என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார். தாள் மடிப்பெல்லாம் கிழிந்து மஞ்சளாகக் கிடந்தது. அப்படியென்றால் ராஜதாஸ் வருவதற்கு முன்னாலிருந்தே இந்த ஆசை உண்டு.

தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "கத்தி வைக்கிற காரியமாக்கும் மக்கா. அவரிட்ட உள்ளத சொல்லு. வேணும்னா கெட்டட்டு, இல்லன்னா போவட்டு."

"ஒரு ஆளு எனக்க குறையை கேட்டுட்டுதான் முதமுதல்ல என்னைப் பாக்கணுமா? என்னைப் பொறுத்துக்கிடதுக்கு ஒரு ஆளு வேண்டாம் அக்கா. ஆசையாட்டு பாக்கணும். எனக்கு அது வேணும்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? திருவனந்தபுரத்தில் தீக்காயமும் பிளந்த உதடும் சரிசெய்கிற ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் ஒன்றையும் மறைக்கவில்லை. பை உள்ளே இறுகிப்போகலாம், வருடங்கள் கழித்து மாற்ற வேண்டி வரலாம், தொட்டால் தெரியாமல் மரத்துக் கிடக்கும், அந்த உணர்ச்சி சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரண்டும் ஒருபோல இரிக்குமோ, டாக்டறே?"

"ஏகதேசம்" என்றார் அவர். கிட்டத்தட்ட என்று அர்த்தம்.

பஸ் ஏறித் திரும்பி வந்தோம். கொஞ்ச நாள் போனில் மழையைச் சொல்லும்போதும் குரலில் உயிரில்லை. பயந்துவிட்டாள், இனி இந்தப் பேச்சு வராது என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏகதேசம் போதும் அக்கா" என்றாள். சேர்த்து வைத்த சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டாள்.

அண்ணனிடம் என்ன சொல்வது? மார்பில் ஒரு கட்டி, எடுத்துக் களைய வேண்டும் என்று சொன்னாள். தங்கச்சி வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகு எந்த அண்ணன் மேற்கொண்டு கேட்பான்? எலியா தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். மறுநாள் போதகர் வீட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். மார்பில் கட்டி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாமல் போனதை என்ன சொல்ல.

ஓணம் கழிந்து ஆபரேஷன் நடந்தது. கூட நின்றது நான். மயக்கம் தெளிந்ததும் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்ததுபோல் இருக்கிறது என்று முனகினாள். இறுக்கிக் கட்டின கட்டுக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தநீர் புட்டியில் இறங்கியது. மல்லாந்தே படுக்க வேண்டும், இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. நான்தான் தலை வாரிவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன். வலியில் கண்ணீர் வழியும், ஆனால் முகத்தில் சிரிப்பு இருக்கும். கட்டை அவிழ்த்த அன்று கண்ணாடி கேட்டாள். வீங்கிக் கன்றிப் போயிருந்ததைப் பார்த்து நான் தயங்கித்தான் கொடுத்தேன். அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "உண்டு அக்கா, இஞ்ச பாரு, உண்டு" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் மாதர் சங்கமே வாசலில் நின்றது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் குவிந்தன. போதகர் பீடத்தில் நின்று அவள் பேரைச் சொல்லி ஜெபித்தார். என் பங்குக்கு நானும் செங்கல் சிவன் கோயிலில் அர்ச்சனை கழித்தேன், ஆனால் எதற்கு என்று தெரிந்து கழித்தேன். இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்த போதெல்லாம் யாராவது ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாள். அந்தப் பக்கம் படாமல் பதனமாகக் கட்டிப்பிடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி பூத்தில் உட்கார்ந்தாள். ஷட்டரை நான் தூக்கிக் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சரோஜம் மாமி கண்ணாடி அறைக்குள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகப் பேசினார். பேசும்போதே இன்னொரு கை தன் இடது மார்பின்மேல் போய், அரிவாளால் அறுப்பதுபோல் ஒரு இழுப்பு இழுத்தது. நான் பார்த்தேன், எப்சியும் பார்த்தாள். அதற்குப் பிறகு ராஜதாஸ் மழையைக் கேட்கவில்லை. "நல்லா ஜெபிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

"வாறப்போ நேருல சொல்லிக்கிடுவேன் அக்கா. நேருல பாத்தா தெரியுமில்லா" என்று தேற்றிக்கொண்டாள். டாக்டர் சொன்னபடி தினமும் அந்த இடத்தைத் தடவி அழுத்திக் கொடுத்தாள், இறுகாமல் இருக்க. ஒரு நாள் என் கடைக்கு ஓடி வந்து, மரத்துக் கிடந்த ஓரத்தில் அரிக்கிறது என்றாள். அரிப்புக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் வேறு கண்டதில்லை. டிசம்பருக்கு என்று பாலராமபுரம் புடவை ஒன்று எடுத்து வந்தாள். மெத்தை இல்லாத முதல் ஜம்பரை அதற்கு நான் தைத்தேன்.

அவர் வந்தார். பூத்தில் ஆள் இருந்ததால் என் கடையில் உட்கார வைத்தேன். எழுந்து போகப் பார்த்தேன், "அக்கா இருக்கட்டு" என்று எப்சி பிடித்து நிறுத்தினாள். அந்தப் புடவையில் அவள் எப்படி நின்றாள் என்று எனக்குத்தான் தெரியும். அவரோ அவள் முகத்துக்குக் கீழே பார்க்கவே இல்லை.

"நான் உபவாசம் இருந்து ஜெபிச்சேன்" என்று ஆரம்பித்தார். "அம்மைக்கு சம்மதமில்ல. ஆனா எனக்கு மனசு உறைச்சு தீர்மானம் ஆச்சு. ஒண்ணு போச்சுன்னு நீ வெஷமப்படாண்டாம். இது கர்த்தர் எனக்கு தந்த சிலுவைன்னு நான் எடுத்துக்கிடுவேன்."

எப்சி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும்.

"எனக்கு ஒரு தீனமும் வியாதியும் இல்ல" என்றாள். "ஒண்ணையும் அறுத்து களையல்ல. பிறந்ததிலேருந்து இந்தப் பக்கம் இல்லாம இருந்தது. அதை வச்சேன்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "வச்சியா? எதுக்கு?"

"நீங்க வாறீங்கன்னு. எனக்கும் ஆசை உண்டு."

அவர் எழுந்துவிட்டார். முகத்தில் இருந்த இரக்கமெல்லாம் வடிந்துபோயிற்று. "சபை முழுக்க உனக்காக முழங்கால் நின்னுது. எனக்க அம்மை பட்டினி கிடந்தா. இப்பிடி ஒரு காரியத்துக்கா?" என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது, "சுகமில்லாத பிள்ளையாட்டு இருந்தா நான் கெட்டியிருப்பேன்" என்றார். கோபத்தைவிட வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவில்லை. வியாதி என்றால் சுமக்கத் தயாராக வந்த மனிதருக்கு, ஒரு பெண்ணுடைய ஆசையைக் காதால் கேட்கக்கூட முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அவர் ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிப்ரவரியில் கள்ளிக்காட்டுப் பெண்ணைக் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போனார். ஊருக்கு எப்சிபாய் சுகமான நோயாளியாகவே நிலைத்தாள். அதனால் அவளைக் கேட்டு அப்புறம் ஒருவரும் வரவில்லை. சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் மேடையேறிச் சாட்சி சொல்லச் சொல்லி வருஷா வருஷம் கூப்பிடுவார்கள். அவள் போவதில்லை.

கோடையில் ஒரு நாள் ஜம்பருக்கு அளவெடுக்கும்போது நான் கேட்டேவிட்டேன்.

"இவ்வளவு வேதனைப்பட்டியே ஏட்டி. வேண்டாத வேலைன்னு தோணுதா?"

"ஓப்பரேசனா? இல்லக்கா. அது எனக்குள்ளது. குளிக்கும்போ வெள்ளம் படுறது இப்பம் தெரியுது." நாடாவுக்காகக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பிறகு, "அவரு திரும்ப வந்து வான்னு கூப்பிட்டா நான் போவேன் அக்கா" என்றாள்.

"மானம் இல்லியா உனக்கு?"

"மானம் உண்டு" என்றாள். "ஆனா ஒரு தடவை பாக்கணும் அக்கா. ஒரு ஆளாவது என்னைப் பாக்கணும்."