செல்வம் வைத்த சாப்பாட்டுத் தட்டு

கட்டாரில் வேலை செய்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் என் சித்தப்பா மகன் செல்வம் பரிமாறும் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். எனக்கு விசா எடுத்துத் தந்தவனே அவன்தான்.

ஒரு நாள் இடமில்லாமல், முன்பின் தெரியாத ஒருவரின் மேசையில் உட்கார்ந்தேன். இலங்கையில் எங்கள் மாத்தளை டவுன்காரர்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றார்.

உக்குவளைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்த நான், "டவுன்தாங்க" என்றேன்.

"அந்தா சோறு கொண்டு வாறானே, அவன் நம்ம பக்கத்துத் தோட்டத்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஒங்களுக்குத் தெரிஞ்சவனா?"

செல்வம் மேசைக்கே வந்துவிட்டான். அது தெரிந்தும், "தெரியாதுங்க" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

தட்டை வைத்தான். என்னை எப்போதும் அண்ணே என்று கூப்பிடுகிறவன், "வேற ஏதும் வேணுங்களா சேர்?" என்றான். அந்தச் சோற்றை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஊரைக் கேட்பவர்களிடம் முதலில் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறேன். போன மாதம் லீவில் ஊருக்கு வந்த செல்வத்தின் வீட்டுக்கு அம்மாவோடு போய், இதை அவனிடமும் சொன்னேன். அம்மாவின் முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நல்லதுங்க சேர். உக்காருங்க."