கயலின் கையில் குறையில்லை

கயல்விழியின் கையில் ஒரு குறையும் இல்லை. வண்டியைக் கெடுத்தவன் நான். தெரிந்தே கெடுத்தேன்!

இன்று அவள் என் மனைவி. அன்று தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் என் வகுப்புத் தோழி. மாணவர்கள் சேர்ந்து ஒரு பந்தய வண்டி கட்டினோம். ஸ்டியரிங் என் பொறுப்பு. பந்தயத்தில் ஓட்டப்போவது அவளா நானா என்பதுதான் கேள்வி. அவள் என்னைவிட நன்றாக ஓட்டினாள்... அதை நான் எப்படிப் பொறுப்பேன்?

முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று வண்டியின் இருபுறமும் நூல் கட்டி அளப்போம். ஆள் எடைக்குச் சக்கரம் சற்று விலகும் என்பதால், ஓட்டுபவர் இருக்கையில் இருக்கும்போதே அளக்க வேண்டும். அவளை உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க, பிசகில்லாமல் சரிசெய்தேன். அவள் ஹெல்மெட் எடுக்கப் போனாள். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியைத் திருகி, சக்கரங்களின் முன்புறம் வெளியே விரியும்படி செய்துவிட்டேன். பார்த்தால் தெரியாது. வேகமெடுத்தால் வண்டி நேரே போகாது.

கல்லூரிக்குப் பின்னாலிருந்த சாலையில் சோதனை ஓட்டம். அறுவடைக் காலம், பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி அலைபாய்ந்து நெல்லுக்குள்ளேயே புகுந்தது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்!

கயல் தரங்கம்பாடி மீனவர் வீட்டுப் பெண். சிறு வயதிலேயே அப்பாவின் படகில் எஞ்சின் பிடித்தவள். எஞ்சினைத் திருப்பும் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். நான் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

"படகு பிடிச்ச கை, கயல். எதிர்ப்பக்கந்தான் இழுக்கும். உன் தப்பு இல்ல."

எவ்வளவு கனிவாகச் சொன்னேன், தெரியுமா உங்களுக்கு?

அவள் நம்பினாள்! சிதறிய நெல்லைக் குனிந்து கூட்டிக் கொடுத்துவிட்டு, என்னையே ஓட்டச் சொன்னாள். கம்பியைச் சத்தமில்லாமல் பழையபடி திருகிவிட்டு ஏறினேன். வண்டி நூல் பிடித்தாற்போல் போனது.

அதன்பின் அவள் எதையும் ஓட்டியதில்லை. ஸ்கூட்டரைக்கூடத் தொடுவதில்லை. அப்பாவின் படகிலும் எஞ்சின் பக்கம் போவதில்லை. எங்கே போனாலும் ஸ்கூட்டரில் என் பின்னால், காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது... அதையும் ஏன் மறைக்க வேண்டும்?

போன வாரம் எங்கள் கார் ஒரு பக்கமாக இழுத்தது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "வீல் வெளிய விரிஞ்சிருக்கு சார். யார் ஓட்டுனாலும் நேரா போகாது" என்றார்.

பக்கத்தில் நின்ற கயல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க... அன்னைக்கு நம்ம வண்டியிலயும் இப்படி இருந்திருக்குமோ?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது கூடவா என் வாயில் வராது?

"அதே வண்டியத்தானே நானும் ஓட்டுனேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கார் தயாரானதும் வழக்கம்போல் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். வீடு வரை கார் நேராகப் போயிற்று. அவள் கைகள் மடியில் மூடிக் கிடந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பாமலே ஓட்டினேன்.