வானமலைக்கு ஏறிய சப்பாத்து

போனவர்கள் நான்கு பேர்: நான், கார் ஓடிய என் கணவர், என் அண்ணை, அண்ணையின் மனைவி ரெஜி மச்சாள். பிள்ளைகள் வரவில்லை. ஆனி மாதத்துச் சனிக்கிழமை, மழையும் இல்லை. ஆண்டவருக்கு நன்றி.

போன காரணம் ஒரு நேர்த்தி. மூன்று வருடங்களுக்கு முன் அண்ணைக்கு இருதய ஒப்பரேசன் நடந்தபோது, மச்சாள் ஆஸ்பத்திரி விறாந்தையில் காத்திருந்தா. எதிர்ச் சுவரில் ஒரு மலைப் படம். "இவர் எழும்பி நடந்தா, மலை ஏறி மெழுகுதிரி கொளுத்துறன் ஆண்டவரே" என்று அதைப் பார்த்தபடியே வேண்டிவிட்டா. அண்ணை எழும்பி நடந்தார். ஆனால் மச்சாளின் முழங்கால் பழுதாகிவிட்டது. வருகிற மாதம் அதை மாற்றுகிறார்கள். நேர்த்திக்கடனை வைத்துக்கொண்டு ஒப்பரேசன் மேசையில் படுக்கமாட்டன் என்று ஒரே பிடி.

"டென்மார்க்கில இருந்துகொண்டு மலைக்கு நேர்த்தி வைச்ச முதல் ஆள் நீங்கள்தான் அக்கா" என்று என் கணவர் பகிடி விட்டார். உண்மைதான், இது தட்டையான நாடு. ஆனாலும் சில்கபோர்க் பக்கத்தில் ஹிம்மல்பியர்க் இருக்கிறது. பெயருக்கு வானமலை என்று பொருள், உயரம் 147 மீட்டர். இந்த ஊர்க்காரர் அதை மலை என்கிறார்கள். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

கோல்டிங்கில் இருந்து காலை ஏழரைக்கு வெளிக்கிட்டோம். சில்கபோர்க் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஒன்றேகால் மணித்தியாலம். சனிக்கிழமை என்றபடியால் சதுக்கத்தில் சந்தை. ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரி 40 குரோனர், மண் காயாத புது உருளைக்கிழங்கு இரண்டு கிலோ 50. திரும்பி வரும்போது வாங்கலாம் என்று விடாதீர்கள், மத்தியானத்தோடு கடைகளைக் கட்டிவிடுவார்கள்.

பிறகு அருங்காட்சியகம். இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகச் சதுப்புக்குள் கிடந்த ஒரு மனிதர் அங்கே படுத்திருக்கிறார். தாடி மயிர்கூடத் தெரிகிறது. கழுத்தில் கயிறு, முகத்தில் நல்ல நித்திரை. மச்சாள் சிலுவை அடையாளம் போட்டு, "ஆர் பெத்த பிள்ளையோ" என்றா. நால்வரும் கொஞ்ச நேரம் மூச்சையும் மெதுவாகத்தான் விட்டோம்.

காரைச் சில்கபோர்க்கிலேயே விட்டுவிட்டு, மலையடிக்குப் போகும் படகில் ஏறினோம். அந்த அமைதி படகிலும் கூடவே வந்தது. ஏரியில் வானம் கிடந்தது, படகு அதை விலக்கிக்கொண்டு போனது. கரை மரங்கள் தலைகீழாக நின்றன. நாங்கள் எந்தப் பக்கத்து உலகத்தில் போகிறோம் என்றே தெரியவில்லை. மனதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தேன், எந்த மணியில் நிற்கிறேன் என்று மறந்துபோச்சு. ஒன்றேகால் மணித்தியாலப் பயணம், ஆளுக்கு ஒருவழி 125 குரோனர்.

இறங்குதுறையில் டிக்கெட் பார்க்கும் பெண் மச்சாளின் காலைக் கவனித்துவிட்டு என்னவோ சொன்னாள். என் கணவர் மொழிபெயர்த்தார். "மலைக்கு மேல வரைக்கும் காரிலயே போகலாமாம் அக்கா. ஏறத் தேவையில்லையாம்."

"கார் ஏறினா காருக்குத்தான் புண்ணியம்" என்றா மச்சாள்.

மரங்களுக்குள்ளால் பாதை செங்குத்தாகப் போகிறது. பாதி வழியில் களைத்தவர்கள் இருக்க ஒரு வாங்கு. மச்சாள் அதில் இருந்தா, பிறகு எழும்ப முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. சத்தம் இல்லாமல் கண்ணீர் மட்டும் வந்தது.

அண்ணை அவவுக்கு முன்னால் குந்தினார். "சப்பாத்தைக் கழட்டு."

"என்னத்துக்கு?"

"எனக்காக வைச்ச நேர்த்திதானே? உன்ர கால் வராட்டி சப்பாத்தாவது வரட்டும்."

என் கணவர் மச்சாளோடு இருந்துவிட்டார். நான் அண்ணையோடு போனேன். ஒரு கையில் நீலச் சப்பாத்துச் சோடி, மறு கையில் மெழுகுதிரி. இறங்கி வந்த ஒரு மனுசன், "உங்கள் ஆள் ஒருவரைத் தவறவிட்டீர்களா?" என்று டெனிஷில் கேட்டார். அண்ணையும் டெனிஷிலேயே, "மனிசி ஆறுதலா வாறா. சப்பாத்து முந்தியிட்டுது" என்றார்.

உச்சியில் செங்கல் கோபுரம், பக்கத்தில் சின்னக் கடைகள். ஏரிக் காற்றுக்கு மெழுகுதிரி நூர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சுவர் ஓரத்தில் அண்ணை சப்பாத்துகளை இரண்டு பக்கமும் நிறுத்தி நடுவில் கொளுத்தினார். சுடர் நின்றது. கீழே ஏரி, மேலே மேகம், நடுவில் அந்தச் சின்ன வெளிச்சம். கர்த்தர் கற்பித்த செபத்தை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். மச்சாள் வெறுங்காலோடு இருக்கிறாவே என்று கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி வாங்கினேன், 90 குரோனர்.

"கொளுத்தினீங்களோ?" என்று கேட்டபடி காத்திருந்தா மச்சாள்.

"ஓம்."

"காத்துக்கு நூரேல்லையே?"

"சப்பாத்தால மறைச்சனான்."

மச்சாள் தலையில் கை வைத்தா. "நேர்த்திக்குப் போறவை செருப்பைக் கழட்டிப்போட்டுப் போவினம். என்ர நேர்த்திக்குச் செருப்பு மட்டும் போயிருக்கு!"

மூன்று பேரும் சிரித்தோம், அவவும் சிரித்தா. ஆனால் திரும்பும் படகில் அந்தச் சொக்ஸைப் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி, "தங்கச்சி, இது நிறைவேறினதோ?" என்று மெல்லக் கேட்டா. பிழைத்த இருதயம் மலை ஏறியதை நான் கண்ணால் கண்டேன். என் மனதுக்கு அது போதும், அதைச் சொன்னேன். அவவுக்குப் போதவில்லை.

போகிறவர்களுக்கு: படகு கோடையில் மட்டும்தான், இடத்தை முன்கூட்டியே பதியுங்கள். கால் ஏலாதவர்கள் காரில் மேலே போகலாம். மெழுகுதிரி என்றால் கண்ணாடிக் கூட்டோடு கொண்டுபோங்கள்.

கேட்கலாம் என்றால் எங்கள் பங்குச் சுவாமியார் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார். வாசிக்கிறவர்களில் பாதி வழியில் நின்ற நேர்த்தியை வேறு ஆள் முடித்துக் கொடுத்தவர்கள் இருந்தால், அது செல்லுமா என்று எழுதுங்கள். மச்சாள் ஒப்பரேசனுக்குப் போகமுதல் தெரியவேணும். கெதியாகப் பதில் போடுங்கோ.