ஜவாத் சொன்ன சுகம்

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. விடிந்ததிலிருந்தே கச்சான் எனும் வறண்ட மேல்காற்று சுட்டது. கல்முனைக் கடைத்தெருவின் தூசி வைத்தியசாலை வாங்குகள் வரை வந்து படிந்தது. அவற்றுள் ஒன்றில் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஜவாத் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். அருகில் அவருடைய மனைவி ஸுஹைறா.

ஜவாத் டைல்ஸ் கடையொன்றில் வேலை செய்பவர். இளவயதில் தொடங்கிய வலிப்பை மாத்திரைகளால் அடக்கி வைத்திருந்தார். எங்கள் பகுதி வழக்கப்படி மணமுடித்து மனைவியின் வீட்டுக்கே குடிபோனவர்; எளிதில் சிரிக்காத மாமியையும் சிரிக்க வைத்தவர். இவ்வாண்டு வலிப்பு மீண்டும் தலைகாட்டவே, ஜூன் மாதத்தில் வைத்தியர் மருந்தை மாற்றினார். வலிப்பு நின்றது. சிரிப்பும் நின்றது.

கேற்றைத் திறந்து வீதியைப் பார்ப்பார், பூட்டுவார், மறுபடியும் திறப்பார். பிள்ளை அழுதால் சீறுவார். பின்னர் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு தாமும் அழுவார். கடையில் உடன் வேலை செய்யும் றிஷாட் வழக்கம்போல, "என்ன மச்சான், பொஞ்சாதி ஊட்டுல சோறு போடல்லியா?" என்று சீண்டியபோது, அளவு நாடாவை எறிந்துவிட்டு வெளியேறினார். மாமி கண்ணூறு பட்டுவிட்டது என்று முடிவுசெய்து, பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். ஜவாத் மறுக்காமல் குடித்தார். தமக்குள் எழுந்த எண்ணத்தை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை; அப்படி நினைப்பதே பாவம் என்று அஞ்சினார்.

முந்திய நாள் சோற்றுக்கு முன்னால் இருந்தபடி மனைவியிடம் கேட்டார்: "நான் இல்லாட்டியும் புள்ளைய நீ பாத்துக்குவாய்தானே?"

அதன் பிறகு ஸுஹைறா அவரைத் தனியே விடவில்லை.

எங்கள் ஊர்களில் சுகம் விசாரித்தால் மறுமொழி ஒன்றுதான். நோவில் துடிப்பவரும் இறைவனைப் புகழ்ந்து, சுகம் என்றே சொல்வார். ஜூலை மாதத்திலும் ஜவாத் அப்படித்தான் சொன்னார். அதே மாத்திரைகள் கிடைத்தன. இன்றும் வைத்தியர் கேட்டதும், "அல்ஹம்துலில்லாஹ், சுகம்" என்றார். வைத்தியர் எழுதத் தொடங்கினார்.

ஸுஹைறா மேசைமேல் கையை வைத்தார். "இல்ல டொக்டர். மருந்து மாத்தின பொறகு இவர் வேற ஆளாப் போயிட்டார். இப்ப குளிசைய நிப்பாட்டப் போறன் எண்டும் நிக்கிறார்."

வைத்தியர் பேனையை மூடினார். வலிப்பு மருந்துகள் சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, மனத்தை இவ்வாறு கலக்கக்கூடும் என்றார். அது ஈமானின், இறைநம்பிக்கையின், குறையும் அன்று, கண்ணூறும் அன்று. மருந்தை மாற்றலாம், ஆனால் தாமாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாக வரும் என்றும் விளக்கினார். பிறகு கதிரையை ஜவாதின் அருகே இழுத்தார்.

"சுத்தி வளைக்காமக் கேக்கிறன், ஜவாத். சாகணும் எண்ட நினைப்பு வருதா?"

ஜவாதின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஸுஹைறா அதன்மேல் கையை வைத்தார்.

"ஓம், டொக்டர். ஒவ்வொரு நாளும் வருது."