அண்ணியின் பூக்கள்

அண்ணியின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்ததும் கொழுந்தனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த விசிறியில் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக நூல் சிக்கிக் கிடந்தது.

"அண்ணி, இது கம்ப்யூட்டரா, உங்க தையல் மெஷினோட தங்கச்சியா?"

"வாய மூடிட்டு வேலையப் பாருடா. மூச்சு வாங்குதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன்."

முன்னறையில், தையல் மெஷினுக்கும் துணி வெட்டும் மேசைக்கும் நடுவே அது உட்கார்ந்திருந்தது. சட்டைக் கழுத்திலும் தலையணை உறையிலும் எம்பிராய்டரி போடும் பூக்களை அண்ணி அதில்தான் வரைவாள். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விட, வீட்டை நிமிர்த்தியது அந்தப் பூக்கள்தாம். தாயில்லாப் பிள்ளையாக அங்கே வந்து சேர்ந்த கொழுந்தனைப் படிக்க வைத்து, கம்ப்யூட்டர் மெக்கானிக்காக ஆளாக்கியதும் அவைதாம்.

தூசியைத் தட்டி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை மாட்டினான். பிறகு திரையைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தான். திரையின் மூலையில், அழித்த கோப்புகள் போய் விழும் குப்பைத் தொட்டி பிதுங்கி வழிந்தது. ஒரே அமுக்கில் காலி செய்தான்.

அண்ணி டீயோடு வந்தாள்.

"குப்பையக் கொட்டவே மாட்டீங்களா அண்ணி? எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டேன்."

டீ தளும்பியது. "எந்தக் குப்பைடா?"

"அந்தத் தொட்டியில இருந்தது."

"ஐயோ! என் பூவெல்லாம் அதுக்குள்ளதானேடா இருந்துச்சு!"

அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், 'இடத்த அடைக்குது' என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துவிடுவாராம். குப்பைக்குள் யார் கையை விடப்போகிறார்கள் என்று அண்ணி அங்கே ஒளித்து வைத்திருக்கிறாள். வேண்டும்போது எடுப்பாள், தைப்பாள், திரும்பப் போட்டுவிடுவாள்.

அவள் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தாள். முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"அழாதீங்க அண்ணி. பழைய டிஸ்க்ல புதுசா எதுவும் பதியாத வரைக்கும் அழிச்சது அங்கதான் கிடக்கும். தோண்டி எடுத்துப் புதுசுல போட்டுடறேன்."

மீட்கும் புரோகிராமைப் புது டிஸ்க்கில் ஏற்றி ஓடவிட்டான். இருவரும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்தபோது ஒரு சூரியகாந்தி திரும்பி வந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் பெயருக்குப் பதிலாக வெறும் எண்கள்.

"பேரெல்லாம் போயிடுச்சு அண்ணி."

"பேர் போனா என்னடா? முகம் தெரியாதா எனக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இது டாக்டரம்மா மேசை விரிப்பு. இது எதிர்வீட்டுக் குழந்தையோட கவுன்." அவள் சொல்லச் சொல்ல அவன் பெயர் அடித்தான். ஒன்று மட்டும் திறக்கவே இல்லை. "போகட்டும் விடு" என்றாள்.

அடுத்ததாக ஒரு கொடி விரிந்தது. இழை இழையாக நீலப் பூக்கள்.

"இது யாருக்கு அண்ணி?"

"உன் பொண்டாட்டிக்கு."

"எனக்கு ஏது பொண்டாட்டி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். வரைஞ்சு வச்சுட்டு எத்தனை காலம்டா காத்திருக்கறது? சொல்லு, என்ன பேர் போடலாம்?"

யாரிடமும் சொல்லாத பெயர் ஒன்று அவனிடம் இருந்தது. காது மடல் சிவக்க, விரல்கள் முதல் எழுத்தைத் தேடின. அண்ணி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தாள்.