ஆட்சேபணை அத்தான்

எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வச்ச பேர் ஆட்சேபணை. மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கார். எரிஞ்சுபோன காயிலைப் பிரிச்சு, புதுக்கம்பி சுத்தி, வார்னிஷ் அடிச்சுக் குடுப்பார். அந்த வேலையில குத்தம் சொல்ல முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டையை மாட்டிட்டாருன்னா போச்சு. சபைக் கமிட்டியில மைக் வாங்கணுமா, ஆட்சேபணை. சுவருக்கு வெள்ளையடிக்கணுமா, அதுக்கும் ஆட்சேபணை.

எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி ஓலை வாசிப்பாங்க. இன்னார் இன்னாரைக் கட்டிக்கப் போறாங்க, தடை இருந்தா சொல்லுங்கன்னு போதகர் கேப்பார். அந்த நேரத்துல எல்லாரும் கொட்டாவி விடுவாங்க. அத்தான் மட்டும் பெஞ்சு நுனிக்கு வந்துடுவார். ஒரு தடவை, ஞானஸ்நானச் சான்று சரியில்லைன்னு எழுந்து நின்னு ஒரு கல்யாணத்தையே நிறுத்தின மகராசன் இவர். அந்தப் பொண்ணு இன்னும் வீட்டோடதான் இருக்கா. இவரு அதைப் பெரிய சாதனைன்னு சொல்லிட்டுத் திரியறார். வெக்கங்கெட்ட மனுஷன்!

அப்பேர்ப்பட்டவரோட ஒரே பொண்ணு வெளிநாட்டுல நர்ஸ். அங்கேயே ஒருத்தனைப் பிடிச்சுப்போய், ரெண்டு பேரும் கட்டிக்கப் போறதா போன்ல சொன்னா. பையன் அந்த நாட்டுக்காரன், சைக்கிள் ரிப்பேர் கடை வச்சிருக்கான். அத்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சார்.

"பஞ்சர் ஒட்டுறவனுக்கா என் பொண்ணு?"

"நீங்க மட்டும் என்ன, ராக்கெட்டா விடுறீங்க?"ன்னு கேட்டேன். அக்கா என் காலை மிதிச்சா.

"நம்ம பாஷை தெரியாது, நம்ம ஜனம் கிடையாது. நானே நேர்ல போறேன். ஓலை வாசிக்கும்போது கோயில்லயே எழுந்து நின்னு நிறுத்துறேன், பாரு!"

அக்கா தனியா அல்லாடுவாளேன்னு நானும் கூடப் போனேன்.

பொண்ணு இருந்தது மூணாவது மாடியில ஒத்தை ரூம். கட்டிலை எங்களுக்கு விட்டுட்டு அவ தரையில படுத்தா. அவகிட்ட அத்தான் முகம் குடுத்துப் பேசலை. பையன் வந்து கை நீட்டினான். இவரு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டார், அணிவகுப்பைப் பாக்க வந்த மந்திரி மாதிரி. அவன் நகத்துல கிரீஸ் கறை, இவர் நகத்துல வார்னிஷ் கறை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனோம். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் அவங்க பாஷை. அத்தானுக்கு ஒரு எழவும் புரியலை. முன் பெஞ்சுல ஒரு வழுக்கைத்தலை. அது எழுந்தா இவரும் எழுந்தார், உக்காந்தா உக்காந்தார். ஊர்ல அடுத்தவன் ஜெபத்துலயே குத்தம் கண்டுபிடிக்கிறவர், இங்க ஒரு வழுக்கையைப் பாத்து பக்தி பண்ணிட்டிருந்தார்.

அப்பதான் போதகர் ஒரு தாளை எடுத்தார். நடுவுல எங்க பொண்ணு பேர் கேட்டுச்சு. அவ்வளவுதான், அத்தான் விருட்டுன்னு எழுந்துட்டார். அக்கா அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தா, அவர் அசையலை. அடுத்த நிமிஷம் கோயிலே எழுந்து நின்னுது. இவரு திரும்பிப் பாத்துட்டு, "பாத்தியா? ஊரே எதிர்க்குது!"ன்னு எங்கிட்ட மெதுவாச் சொன்னார். சொல்லிட்டு, சுவர் அதிர்ற மாதிரி தமிழ்ல கத்தினார்:

"இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்!"

கைதட்டல்னா கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல்! பையனோட அம்மா ஓடி வந்து இவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அத்தான் திருதிருன்னு முழிச்சார். போதகர் எங்க பொண்ணைப் பாத்து ஏதோ கேட்டார். அவ சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னா. மறுபடியும் கைதட்டல்.

"என்னடி சொன்னே?"ன்னு அத்தான் கேட்டார்.

"இங்க சம்மதிக்கிறவங்கதாம்ப்பா எழுந்து நிப்பாங்க. முதல்ல எழுந்தது நீங்க. அப்பா மனசார ஆசீர்வாதம் பண்றார்னு சொன்னேன்." சிரிப்பு மாறாமலே சொன்னா, கண்ணு மட்டும் கலங்கியிருந்துச்சு. "இத்தனை பேர் முன்னாடி உங்களை அசிங்கப்பட விடமாட்டேன். ஆனா கல்யாணத்தன்னிக்கு என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது அம்மாதான்."

அத்தான் பொத்துன்னு பெஞ்சுல உக்காந்தார். நல்லா வேணும்னுதான் எனக்குத் தோணுச்சு. பொய் எதுக்குச் சொல்லணும்?

சொன்ன மாதிரியே செஞ்சா. அடுத்த வாரம் அக்கா, மகள் கையைப் பிடிச்சுக்கிட்டு, கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் நடந்தா. அத்தான் அதே வழுக்கைத்தலைக்குப் பின்னால உக்காந்திருந்தார். அது எழுந்தப்போ எழுந்தார்.

இப்ப அவர் கடையில, காயில் சுத்துற மேஜைக்கு மேல அந்தப் படம் மாட்டியிருக்கு. அக்காவும் பொண்ணும் கைகோத்து நடக்கிற படம். வர்றவன் போறவன்கிட்டயெல்லாம், அந்நிய தேசத்துல முதல் ஆளா எழுந்து ஆசீர்வாதம் பண்ணின கதையை அவிழ்த்து விடுறார். கூசாம!

நேத்து தண்ணி மோட்டாரைக் குடுக்கப் போயிருந்தேன். அங்க நின்ன ஒருத்தர் படத்தைப் பாத்துட்டு, "நீங்க எங்கண்ணே, காணோம்?"னு கேட்டார்.

"நான்தானே படம் எடுத்தேன்"னார் அத்தான்.

அவருக்குப் போன்ல படம் எடுக்கவே தெரியாது. அந்தப் படத்தை எடுத்தது நான். சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அத்தான் என்னையே பாத்துட்டிருந்தார்.

நான் ஆட்சேபிக்கலை.