ஒரே வேனில் வந்த சாட்சிகள்

காட்பாடியில் விடியற்காலை ரயில் பிடித்து அரக்கோணத்தில் இறங்கி, அங்கிருந்து பத்து ரூபாய் டிக்கெட்டில் மின்சார ரயில் ஏறி, காலை எட்டு மணிக்கு வேப்பம்பட்டு வந்து சேர்ந்தேன். ஒரு தோளில் கைப்பை, இன்னொரு தோளில் வீட்டுக் காப்பி நிரப்பிய ஃபிளாஸ்க். ரயிலடி வாசலில் வேன் நிற்கும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஒன்றல்ல, ஆறு வேன் நின்றது. எல்லாம் வெள்ளை. நான்காவது வேனில் தலையை நீட்டிக் கேட்டதும், "நீ தான் மேடமா? ஏறு ஏறு, டயமாவுது" என்றார் டிரைவர். அவர் பெயர் தேவா. அவர் பக்கத்து சீட்டில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்தேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. வெள்ளமோ பூகம்பமோ வந்த இடங்களுக்குத் தார்ப்பாயும் போர்வையும் அனுப்புகிற ஒரு பன்னாட்டு நிவாரண அமைப்பில் இருக்கிறேன். அதன் ஊழியர்கள் மேல் புகார் வந்தால் அமைப்பே ஆள் அனுப்பி உள்ளுக்குள் விசாரிக்கும். அந்த விசாரணை ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பது என் வேலை. தப்பு செய்தார்களா என்று நான் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் சரியாகக் கேட்டார்களா என்று மட்டும் கேட்கலாம். "அப்போ உன்னை யாரு கேக்குறது?" என்று என் கணவர் மாதம் ஒருமுறையாவது சீண்டுவார்.

இந்த முறை நான் போனது செம்பரம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் கிடங்குக்கு. அங்கே பெட்டி கட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் ரஹ்மத் என்ற பெண்மணி. செல்வி என்ற தொழிலாளியைப் பின்னாலிருந்து அடித்துக் கீழே தள்ளினார் என்று புகார். டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்து விசாரித்தார். மூன்று பெண்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டார். மூவரும் "வலது கையை ஓங்கி அடித்தார்" என்றார்கள். "தனித்தனியே தரப்பட்ட மூன்று சாட்சியங்களும் முழுமையாக ஒத்துப்போகின்றன" என்று எழுதினார். ரஹ்மத்துக்கு வேலை போயிற்று. அவர் மேல்முறையீடு செய்ததால் கோப்பு என் மேசைக்கு வந்தது. ஒரு குறை கண்டுபிடிக்க முடியாத கோப்பு. நானும் சரி என்றுவிட்டால் வேலை போனது போனதுதான்.

வேனில் ஏற்கெனவே ஒரு அம்மாள் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே வேலை என்று கேட்டேன். "செம்பரம்பாக்கம் குடோன்ல பேக்கிங். என் பேரு காஞ்சனா" என்றார். கோப்பில் முதல் சாட்சியின் பெயர் காஞ்சனா. ஆவடியில் ஒருத்தி ஏறினாள். "வா கோகிலா" என்றார் காஞ்சனா. இரண்டாவது சாட்சி. அம்பத்தூர் ஓ.டி.யில் ஸ்டெல்லா ஏறியபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விசாரணையின் மூன்று சாட்சிகளும் நானும் ஒரே வேனில். விதிப்படி நான் இறங்கியிருக்க வேண்டும். அயப்பாக்கம் போகிற சாலையில், அந்த நெரிசலில் இறங்கி எங்கே போவது? என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்களோ என்னைக் கண்டுகொள்ளாமல் கேஸ் சிலிண்டர் வராததைப் பற்றியும் கோகிலாவின் நாத்தனாரைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

திருவேற்காடு தாண்டியதும் காப்பி குடிக்கலாம் என்று குனிந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். வேன் கிறீச்சென்று நின்றது. காப்பி முழுவதும் என் புடவையில். பின்னால் டிபன் பைகள் உருண்டன.

"இன்னா தேவாண்ணே!" என்று கத்தினாள் கோகிலா.

"ஆட்டோக்காரனா?" என்றார் காஞ்சனா.

"ஆட்டோவாத்தான் இருக்கும். இந்த ரோட்டுல ஷேர் ஆட்டோ தானே இப்டி பூந்து வருவான்" என்றாள் ஸ்டெல்லா.

"செகப்பு சட்டை போட்டுகினு ஒருத்தன் போனானே, அவனா?"

"அவனே தான். கொய்ப்பு புடிச்சவன். திரும்பிக் கூட பாக்கல பாரு."

வேலப்பன்சாவடி வரும்வரை அந்த ஆட்டோக்காரனைத் திட்டினார்கள். குமணன்சாவடி மெட்ரோ தூண்களுக்குக் கீழே நின்றபோது, அவன் போன் பேசிக்கொண்டே ஓட்டியதும் தெரிந்துவிட்டது. பூந்தமல்லியில் நானும், "கொஞ்சம் விட்டிருந்தா இடிச்சிருப்பான்" என்றேன். தேவா மட்டும் ஒன்றும் பேசவில்லை. பாவம், பதறிப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேப்பம்பட்டிலிருந்து கிடங்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். என் புடவையைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம் ஆச்சு?" என்றார்.

"சிவப்புச் சட்டை போட்ட ஒரு ஷேர் ஆட்டோக்காரர் குறுக்கே வந்துட்டார். போன் பேசிக்கிட்டே ஓட்டியிருக்கார்" என்றேன். பின்னால் மூன்று பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வண்டிக்கு ஏதாவது நேர்ந்தால் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது அமைப்பின் விதி, நாலு பேர் ஒரே மாதிரி சொல்வதால் சுலபமாகப் போயிற்று என்று மேலாளர் மகிழ்ச்சியோடு உள்ளே போனார்.

அந்த நிமிடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பதினொரு மணிக்குச் சாட்சிகளை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஏரிப் பக்கம் ஜன்னல் வைத்த அறை. ஏரி தெரியவில்லை. மனைகளுக்கு நட்ட கல்லும் இன்னொரு கிடங்கின் முதுகும்தான் தெரிந்தன. கோப்பில் யாரும் கேட்காத ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்?

"நான் குனிஞ்சு பெட்டிக்கு டேப் ஒட்டிகினு இருந்தேன் மேடம். தடால்னு சத்தம். திரும்பினா செல்வி கீய கெடக்குறா" என்றாள் ஸ்டெல்லா.

"அப்போ கை ஓங்கினதை?"

"காஞ்சனாக்கா பாத்துச்சே."

காஞ்சனாவைக் கேட்டேன். அவர் லாரிப் பக்கம் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தாராம். "கோகிலா தான்மா கிட்ட இருந்தா. அவ கண்ணால பாத்தா."

கோகிலாவைக் கேட்டேன். "ஸ்டெல்லா தான் மேடம் பக்கத்துல இருந்துச்சு. அது சொல்லித்தானே எங்களுக்கே தெரியும்."

மூவர் முகத்திலும் பொய் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்ததாக நம்பியிருக்கிறார்கள், அந்த நம்பிக்கையில் தானும் பார்த்ததாகவே சொல்லியிருக்கிறார்கள்.

"விசாரணை நடந்த அன்னைக்கு எப்படி வந்தீங்க?" என்று கோகிலாவிடம் கேட்டேன்.

"எப்பவும் போல வேன்ல தான். அதுக்கு முன்னாடி ஒரு மாசமா வேன்ல இதே பேச்சு தான். வேற இன்னா பேசுறது மேடம், அவ்ளோ தூரம்?"

தனித்தனி அறையாம். அறைக்கு வருவதற்கு முன்னால் அந்த மூன்று சாட்சியமும் வேப்பம்பட்டிலிருந்து ஏறி, ஆவடியில் கொஞ்சம், அம்பத்தூரில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, பூந்தமல்லி வருவதற்குள் ஒன்றாகியிருக்கிறது. சாட்சிகள் சிரமப்படக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு அன்றைக்கும் அதே வேனை அனுப்பியிருக்கிறார்கள்.

வெளியே வரும் வழியில் செல்வியைப் பார்த்தேன். வலது தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் ரசீது ஒட்டிக்கொண்டிருந்தாள். "எதையாச்சும் மாத்தப் போறீங்களா மேடம்?" என்றாள். அவள் விழுந்தது நிஜம், வலி நிஜம். பின்னாலிருந்து வந்ததை அவளும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குத் தேவா என்னை ரஹ்மத்தின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நசரத்பேட்டை தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"மேடம், அந்த ஆட்டோ மேட்டரு... மேனேஜர் ஆட்டோ நம்பர் குடுன்றாரு. போலீஸ்ல எழுதிக் குடுக்கணுமாம்."

"குடுங்களேன்."

"ஆட்டோவே இல்ல மேடம். எனக்கு போன் வந்துச்சு, எடுத்துப் பாத்தேன். முன்னாடி போன லாரி ஸ்லோ ஆயிட்டான், பிரேக் போட்டுட்டேன். அதுங்களா ஆட்டோன்னு சொல்லிச்சுங்க. நானும் உட்டுட்டேன்."

"சிவப்புச் சட்டை?"

"யாருக்குத் தெரியும்! கோவிச்சுக்காத மேடம். நீயே ஆட்டோன்னு சொன்னியே, மேடமே பாத்துகிது போலன்னு நெனச்சேன்."

வண்டி போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் அவர் மேலா என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் குனிந்து ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா குனிந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததாக நம்ப அவளுக்கு ஒரு மாதம் ஆனது, எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கிறது.

ரஹ்மத்தின் வீடு பூந்தமல்லி டிரங்க் சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது சந்தில், மாடியில். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஏலக்காய் போட்ட டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைத்தார். விசாரணையில் தன்னை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டேன்.

"மரியாதையாத்தான்மா நடத்துனாங்க. எனக்கு மட்டும் வேன் அனுப்பல. புகார்ல இருக்கறவங்க சாட்சிங்களோட வரக் கூடாதாம். ஷேர் ஆட்டோ கிடைக்காம லேட்டாப் போனேன். 'ஒத்துழைக்கத் தயக்கம்'னு எழுதிட்டாங்க. பதினோரு வருசம் நான் ஒரு நாள் லேட்டாப் போனது கிடையாது."

பிறகு என் முகத்தையே பார்த்தார். "நீங்க ஒண்ணு கேக்கவே இல்லியே. நான் அடிச்சேனா இல்லியான்னு."

"அதை நான் கேட்கக் கூடாதும்மா."

"நானே சொல்றேன். அடுக்கு சரிஞ்சுது. புடிக்கறதுக்குக் கையத் தூக்குனேன். அவ விழுந்தா. பெட்டி பட்டுச்சா என் கை பட்டுச்சான்னு அன்னைக்கு எனக்கு நல்லாத் தெரியும். கை படலைன்னு அல்லா மேல ஆணையா சொன்னேன். இப்ப..." டீ தம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "தெருவுல, குடோன்ல, வீட்டுல, எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் ஓங்கி அடிக்கிற மாதிரி கனவு வருதும்மா. முழிச்சதுக்கப்புறமும் கை வலிக்குது. நான் அடிக்கலைன்னு எழுதுவீங்களா?"

"அது என்னால முடியாது. நீங்க அடிச்சதா அவங்க சொன்னதை மூணு சாட்சின்னு எடுத்துக்க முடியாதுன்னு எழுதுவேன். புதுசா ஒருத்தர் வந்து மறுபடி விசாரிக்கணும்னு எழுதுவேன்."

"ரெண்டும் ஒண்ணு தானா?"

இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். சமோசாவைத் தட்டோடு என் பக்கம் நகர்த்தி, சாப்பிடச் சொன்னார்.

தேவா கொண்டுவந்து விடுகிறேன் என்றார். வேண்டாம் என்று பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஆவடி பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் புடவையைப் பார்த்தார், நல்லவேளையாக ஒன்றும் கேட்கவில்லை. ஆவடியில் ரயில் ஏறி, வேப்பம்பட்டைக் கடக்கும்போது அறிக்கையை எழுதத் தொடங்கினேன். திருவள்ளூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. சாட்சிகளைத் தனித்தனியே அழைத்துவர வேண்டும், நின்ற இடத்தை முதலில் கேட்க வேண்டும், புகாருக்கு ஆளானவருக்கும் வண்டி அனுப்ப வேண்டும், மறுவிசாரணை வேண்டும். ஆட்டோ சமாசாரம் தவறு, நான் எதையும் பார்க்கவில்லை என்று மேலாளருக்கும் ஒரு வரி அனுப்பினேன். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன்.

காட்பாடி வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கேட்டார்: "என்ன இது புடவையெல்லாம் கறை?"

"வழியில ஒரு ஷேர் ஆட்டோக்காரன் குறுக்கே..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

அவன் அப்படியே கண் முன்னால் இருக்கிறான். சிவப்புச் சட்டை, காதில் போன், திரும்பிப் பார்க்காத கழுத்து. அவன் இல்லவே இல்லை என்று வண்டி ஓட்டியவரே சொல்லிவிட்டார், நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் அவன் போகவில்லை. எனக்கு இது ஒரே ஒரு காலைப் பயணம்தான். ரஹ்மத்துக்கு மாதக்கணக்கில் ஆகிறது. என் அறிக்கையை ஏற்றுக்கொண்டு புதிதாக ஒரு அதிகாரி வருவார். நல்லவராகவும் இருப்பார். ரஹ்மத்தை எதிரே உட்கார வைத்து, விதிப்படி முதல் கேள்வியைக் கேட்பார்: அம்மா, மற்றவர்கள் சொன்னதை விடுங்கள், உங்களுக்கு நினைவிருப்பதை மட்டும் சொல்லுங்கள்.